வலது முட்டிக்கு யார் கட்டுப் போட்டது?

மலையூரான பிரிஞ்சாங்கின் இரவுச் சந்தையில் ரோஸ்மேரி வாயைத் திறந்து மூன்று வாரம் ஆகிறது. அந்தச் சத்தம் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. அன்றைக்குப் பக்கத்து ஊர் திரிங்காப்பின் தோட்டத்து முட்டைக்கோசெல்லாம் பயந்து இன்னொரு சுற்று இறுகிக்கொண்டன என்றும், சோளம் வாட்டுகிற அடுப்பு தானாக அணைந்தது என்றும் பேச்சு. பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதிப் பாதி உண்மை.

அன்றைக்கு அங்கே இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருவோம்.

தேயிலை எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற மைக்கேல்ராஜுக்குப் போன வருஷம் இடது முட்டியை எடுத்துவிட்டு உலோக முட்டி வைத்தார்கள். ஐயா நடந்தார். நடந்தார் என்றால் சும்மா இல்லை. தானா ராத்தா டவுனுக்கு பஸ் போவதற்கு முன்னால் இவர் போய் நின்றுகொண்டு, வருகிற பஸ்ஸுக்குக் கை காட்டி வரவேற்பார். அப்புறம் ஒரு நாள் அந்த முட்டி வீங்கியது.

சம்பந்தி வடிவம்மாள் பதறி ஓடி வந்தாள். திரிங்காப்பில் பூவும் காயும் போடுகிற சிவசாமியின் மனைவி. அவள் மகள் குமுதாவைத்தான் மைக்கேல்ராஜின் மகன் ஜோனத்தன் கட்டியிருக்கிறான். அம்மன் கோயில் வீட்டுப் பெண்ணை மாதா கோயில் வீட்டில் கொடுத்த நாளிலிருந்து வடிவம்மாள் இந்தக் குடும்பத்துக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. நொச்சியிலையை வதக்கி, சூடு பார்த்து, இடது முட்டிக்குக் கட்டுப் போட்டாள். வீக்கம் இறங்கவில்லை. ஏறியது.

மைக்கேல்ராஜின் மனைவி ரோஸ்மேரி நேராகச் சந்தைக்குப் போனாள். சிங்கப்பூரிலிருந்து ஸ்ட்ராபெரி வாங்க வந்த கூட்டம் பார்க்க, வடிவம்மாளின் கடைக்கு முன்னால் நின்று, "உன் பச்சிலையாலதான் என் வீட்டுக்காரர் காலு அழுகுது" என்று சொல்லிவிட்டாள். கடைக்குள்ளே தாய்க்கு ஒத்தாசையாகப் பூக்கட்டிக்கொண்டிருந்த குமுதா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மாமியார் வீட்டுக்குத் திரும்பவும் இல்லை.

இதெல்லாம் ஊருக்கே தெரியும். இரண்டே பேருக்குத் தெரிந்தது ஒன்று இருக்கிறது. மாதாவையும் சேர்த்தால் மூன்று பேர்.

ஆபரேஷன் நடந்தபோது ரோஸ்மேரி ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று ஒரு நேர்ச்சை வைத்தாள். இந்த மனுஷன் எழுந்து நடந்தால், எஸ்டேட் மேட்டில் இருக்கிற மாதா கெபிக்கு, அந்தக் குகைக் கோயிலுக்கு, அவரை முட்டி போட்டுப் படியேற வைக்கிறேன் என்று. கவனியுங்கள், தான் ஏறுவதாக வேண்டவில்லை. அவரை ஏற வைப்பதாக வேண்டினாள். நேர்ந்தது அம்மா, தேய்ந்தது ஐயா.

"நேர்ந்தவ நீ. நீ ஏறு லா" என்று மைக்கேல்ராஜ் சொல்லிப் பார்த்தார். அந்தக் காலத்தில் துரையையே எதிர்த்துப் பேசியவர் என்று பெயர். மனைவியை எதிர்த்துப் பேசியதாக வரலாறு இல்லை. பங்குச் சாமியார்கூட, புது முட்டி, வேண்டாம், ஒரு மெழுகுவர்த்தி போதும் என்றார், அதோடு முடிந்தது என்று விட்டுவிட்டார். ரோஸ்மேரிக்கு மெழுகுவர்த்தி போதவில்லை. கோயில் பாட்டுக் குழுப் பெண்களிடம், மாதா செய்த நன்மையை எல்லார் முன்னாலும் "சாட்சி" சொல்லப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

யாரும் பார்க்காத பனி மூடிய காலையில், கூழாங்கல் துருத்திக்கொண்டிருக்கிற அந்த சிமெண்டுப் படிகளில் மைக்கேல்ராஜ் முட்டி போட்டு ஏறினார். உச்சிக்குப் போனபோது கால்சட்டையில் இரண்டு ஓட்டை. உள்ளே தோலிலும் இரண்டு ஓட்டை. ரோஸ்மேரி பிளாஸ்டர் ஒட்டினாள். அதற்குப் பிறகுதான் வீக்கம். வடிவம்மாள் கட்டுப் போட வந்தபோது, "பாத்ரூம்ல லேசா உரசிக்கிச்சு" என்று சொல்லி வைத்தார்கள். முட்டி டாக்டர் "விழுந்தீங்களா?" என்று கேட்டபோது இல்லை என்றார்கள். விழவில்லைதான். முட்டி போட்டீர்களா என்று டாக்டர் கேட்கவில்லையே.

சாட்சி மட்டும் இன்னும் சொல்லப்படவில்லை. முட்டி வீங்கிய பிறகு என்னவென்று சொல்வது?

---

இந்த வெள்ளிக்கிழமை காலையில், மலைக்குக் கீழே ஈப்போ டவுனில் ஸ்கேன். ஜோனத்தன் ஒரு மாதமாகக் கம்பெனிப் பயிற்சிக்குக் குவாந்தான் போயிருந்தான். அந்த வளைவுப் பாதையில் மைக்கேல்ராஜால் ஓட்ட முடியாது. ரோஸ்மேரிக்கு ஓட்டவே தெரியாது. மனைவிக்குச் சொல்லாமல் மைக்கேல்ராஜ் மருமகளுக்குப் போன் போட்டார்.

அப்பாவின் ஹைலக்ஸ் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு குமுதா வந்து நின்றாள். பின்னால் பூக்கூடைகளின் ஈர வாசனை. கையில் நாலடுக்கு டிபன் கேரியர்.

"அம்மா குடுத்தாங்க. மாமாவுக்குப் பசிக்கும்னு."

ரோஸ்மேரி அதை வாங்கினாள். வாங்கிய கை கனத்தது. நாலடுக்கில் வடிவம்மாள் இட்லியா வைத்திருந்தாள், எஸ்டேட் தொழிற்சாலையில் தேயிலை உருட்டுகிற ரோலரையே வைத்திருந்தாள் என்று தோன்றியது. அவள் சந்தையில் பேசிய பேச்சுக்கு, வடிவம்மாள் திருப்பித் திட்டியிருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்குப் பதில் ஆகியிருக்கும். இந்த இட்லிக்கு என்ன பதில் சொல்வது?

"முன்னாடி உக்காருங்க மாமா, கால நீட்டிக்கலாம்" என்றாள் குமுதா. மாமியாரிடம் ஒரு சொல்லும் இல்லை. மரியாதைக் குறைவும் இல்லை. கதவைத் திறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

வழியெல்லாம் பேசியது மைக்கேல்ராஜ் ஒருவரே. அணுவைக் கொண்டு எடுக்கிற ஸ்கேன் என்று கேள்விப்பட்டதிலிருந்து எஸ்டேட்டே அவரை ஒரு மாதிரி பார்க்கிறதாம். இனி இருட்டில் விளக்கு வேண்டாம், கிராணியை நிற்க வைத்தால் போதும் என்று அமிர்தலிங்கம் கடையில் பந்தயமே கட்டியிருக்கிறார்களாம். பக்கத்து வீட்டுக் கோழி இரண்டு நாளாக முட்டை போடவில்லையாம். "ஸ்கேன் இன்னும் எடுக்கவே இல்ல. அதுக்குள்ள அந்தக் கோழிக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?" என்றார்.

குமுதா சிரித்தாள். பின் சீட்டில் ரோஸ்மேரிக்கு அந்தச் சிரிப்பு முதுகுப் பக்கமாக வந்து சேர்ந்தது. மூன்று வாரமாக அந்த வீட்டில் அந்தச் சிரிப்பு இல்லை.

---

ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் புவனேஸ் என்றொரு சின்ன வயதுப் பெண். முட்டி டாக்டர் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று நிதானமாகச் சொன்னாள். எக்ஸ்ரேயில் உலோகம் தெரியும், கிருமி தெரியாது. உடம்பில் கிருமி எங்கே இருக்கிறதோ அங்கே ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்கள் சண்டைக்கு ஓடும். அதனால் அவர் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, வெள்ளை அணுக்களைப் பிரித்து, அதோடு ஒரு துளி கதிரியக்க மருந்தை ஒட்டி, திரும்ப அவருக்குள்ளேயே செலுத்துவார்கள். அப்புறம் அதுகள் எங்கே போய்க் கூடுகின்றன என்று கேமரா பார்க்கும்.

"அதாவது," என்றார் மைக்கேல்ராஜ், "எங்க கூட்டம் கூடுதோ அங்கதான் சண்டை. நம்ம ராத்திரிச் சந்தை, பசார் மாலாம் மாதிரி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ரோஸ்மேரி தன் கைப்பையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிடியை அவ்வளவு நுணுக்கமாக அதைத் தைத்தவன்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

டாக்டர் தொடர்ந்தாள். கிருமி வெளித்தோலோடு நின்றிருந்தால் மருந்தில் போய்விடும். உள்ளே உலோகம் வரை போயிருந்தால் முட்டியைத் திறந்து, வைத்ததை எடுத்து, சுத்தம் செய்து, மாதக்கணக்கில் காத்திருந்து, மறுபடி வேறு வைக்க வேண்டும். இந்த வயதில் அது லேசில்லை. மைக்கேல்ராஜின் வேடிக்கைப் பேச்சு அந்த இடத்தோடு நின்றது. தன் இடது முட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார், அழுகிற பிள்ளையின் தலையில் வைப்பது போல.

ரத்தம் எடுத்தார்கள். பிரித்துக் கொண்டுவர நேரம் ஆயிற்று. திரும்பச் செலுத்தியதும் ஒரு நர்ஸ் வந்து, இன்றைக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஒன்றும் பயமில்லை, சின்னப் பிள்ளைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் மட்டும் ரொம்ப நேரம் ஒட்டி உட்கார வேண்டாம் என்று சொன்னாள்.

"எங்க வீட்டுல ரெண்டும் கிடையாது" என்றார் மைக்கேல்ராஜ்.

குமுதா எழுந்து போய் அந்த நர்ஸிடம் தனியாக ஏதோ கேட்டாள். நர்ஸ் தலையைச் சாய்த்துக் கேட்டு, கையால் ஏதோ காட்டி, சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். தூரத்திலிருந்து ரோஸ்மேரி பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்கிறாள். சந்தைக் கதையைத்தான் சொல்கிறாள். இந்த ஆஸ்பத்திரியில் இனி தரை துடைக்கிறவர் வரைக்கும் தன் முகம் தெரிந்துவிடும். குற்றம் உள்ளவளுக்கு யார் யாரிடம் குனிந்து பேசினாலும் தன் பேர்தான் காதில் விழும்.

கேமராவுக்குக் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும். மாமனாரை உள்ளேயே சாப்பிட வைத்துவிட்டு வந்து, கேன்டீனில் குமுதா டிபன் கேரியரைத் திறந்து, இரண்டு தட்டு வைத்து, ஒன்றை மாமியார் பக்கம் தள்ளினாள். இட்லி, கொத்தமல்லிச் சட்னி, கீழ் அடுக்கில் ரோஸ்மேரிக்குப் பிடித்த பீர்க்கங்காய்த் துவையல். தனக்கு அது பிடிக்கும் என்று வடிவம்மாளுக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்தில் சாப்பிட்டபோது கவனித்திருக்க வேண்டும்.

இதுதான் சமயம் என்று ரோஸ்மேரி நினைத்தாள். சொல்லிவிடலாம். கெபி, படி, பிளாஸ்டர் எல்லாவற்றையும் இந்தப் பெண்ணிடம் இப்போதே கொட்டிவிடலாம். வாயைத் திறந்தாள்.

"துவையல்ல உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள்.

குமுதா தலையாட்டினாள். ரோஸ்மேரிக்குத் தன் நாக்கையே துவையலோடு அரைத்துவிட்டிருக்கலாம் போல இருந்தது. ஒரு விள்ளல் வாயில் போட்டாள். அதை அவள் மென்று முடித்த நேரத்தில் ஒரு காய்கறி லோரி மலைக்குப் போய்த் திரும்பியிருக்கும்.

---

கேமரா ஒரு பெரிய வளையம். அதற்குள்ளே மைக்கேல்ராஜ் அசையாமல் படுத்திருந்தார். வாழ்நாளில் அவர் பேசாமல் இருந்த மிக நீண்ட நேரம் அதுதான் என்று பிற்பாடு அவரே சொல்லிக்கொண்டார். ஒரு முறை படம் எடுத்தார்கள். பிறகு இடைவெளி விட்டு இன்னொரு முறை எடுத்தார்கள். அப்புறம் டாக்டர் புவனேஸ் மூவரையும் அறைக்குக் கூப்பிட்டாள்.

திரையில் இரண்டு கால்கள். சாம்பல் நிறப் பனியில் நிற்கிற மாதிரி மங்கலாக இருந்தன. அந்தப் பனியில் கறுப்பாக, அழுத்தமாக, ஒரு புள்ளி.

ஒன்று இல்லை. இரண்டு.

"அங்கிள், எந்த முட்டி மாத்துனது?"

"இடதும்மா."

"இடது சரி. வலது முட்டில ஏன் இவ்வளவு கூட்டம்?"

மைக்கேல்ராஜ் திரையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

கால்சட்டையை மடிக்கச் சொன்னாள் டாக்டர். இரண்டு முட்டியிலும் ஒரே மட்டத்தில், ஒரே அளவில், காய்ந்த தோல். வலதில் சின்னதாக வீக்கம், வயசுக்காரர் காலில் யாரும் கவனிக்காத அளவுக்கு. "ரெண்டும் முன்பக்கம். ரெண்டும் ஒரே இடம். விழுந்தா இப்படி ஆகாது. கல்லுல முட்டி போட்டீங்களா?"

குமுதாதான் பேசினாள். அன்று முழுக்க அவள் பேசாமல் வைத்திருந்தது எல்லாம் ஒரே கேள்வியாக வந்தது. குரல் உயரவில்லை.

"எங்கம்மா இடது முட்டிக்குத்தானே இலை வச்சாங்க. வலது முட்டிக்கு யார் கட்டுப் போட்டது?"

திரையில் அந்த இரண்டு புள்ளிகளும் ரோஸ்மேரியையே பார்ப்பது போல இருந்தது. வெள்ளை அணுக்களுக்குச் சம்பந்தி தெரியாது, சந்தை தெரியாது, பாட்டுக் குழு தெரியாது. தோல் எங்கே உரிந்ததோ அங்கே போய் நின்றுவிட்டன.

"நான்தான்" என்றாள். அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "நான்தான் மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன். கெபிப் படில அவரை முட்டி போட்டு ஏற வச்சேன்."

அதற்குமேல் மைக்கேல்ராஜ் எடுத்துக்கொண்டார். எப்போது ஏறினார், எப்படி உரிந்தது, ஏன் மறைத்தார்கள் என்று பிழை பிடிபட்ட கிராணி துரையிடம் ஒப்புவிப்பது போல ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் திட்டவில்லை. திட்டாமல் கேட்டுக்கொண்டே எழுதியது இன்னும் மோசமாக இருந்தது. புண்ணான தோலில் இலை வைத்ததும் நல்லதில்லைதான் என்று அவள் சொன்னாள். ஆனால் வினை அதில் ஆரம்பிக்கவில்லை. இலையே படாத வலது முட்டியிலும் அதே வினை இருக்கிறது, பாருங்கள் என்று குமுதாவின் பக்கம் திரும்பிச் சொன்னாள். அந்தச் சொல் யாருக்கு வேண்டும் என்று டாக்டருக்கு எப்படியோ புரிந்துவிட்டது.

பிறகு பேனா முனையால் இடது முட்டியில், அந்தக் கறுப்புப் புள்ளிக்குப் பின்னால், ஒரு லேசான நிழலைக் காட்டினாள். அது உலோகத்தை ஒட்டி இருக்கிறது. இன்றைக்கு மங்கல். நாளைக் காலை இன்னொரு படம் எடுத்தால் தெரியும். மங்கியே போனால் பயமில்லை. கறுத்தால் கிருமி உள்ளே இறங்கிவிட்டது.

"நாளைக்குக் கட்டாயம் வந்துடுங்க அங்கிள்" என்றாள்.

---

திரும்பும்போது குமுதா மாமனாரை முன் சீட்டில் உட்கார வைக்கவில்லை. பின்னால், தனக்கு எதிர்மூலையில் உட்காரச் சொன்னாள். ரோஸ்மேரியை முன்னால் வரச் சொன்னாள். கண்ணாடியையும் இறக்கிவிட்டாள். மலை ஏற ஏறக் குளிர் உள்ளே வந்து மூவரையும் அறைந்தது. காலையில் காலை நீட்டிக்கொள்ளச் சொன்ன பெண், மாலையில் மூலைக்குத் தள்ளிவிட்டாளே. இருக்கட்டும். பட வேண்டியதுதான். ரோஸ்மேரி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மடியில் இருந்த காலி டிபன் கேரியரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் குழாயில் அதை அவள் அடுக்கடுக்காகக் கழுவியிருந்தாள், பாவம் கழுவுகிற மாதிரி.

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பதுதான் வழக்கம், மாதா கோயில் வீட்டிலும் அம்மன் கோயில் வீட்டிலும். இதில் எதைப் போட்டுக் கொடுப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

நேர்ச்சையை நினைத்தாள். மாதாவிடம் சண்டை போடவும் முடியவில்லை. மாதா கேட்டதா? கேட்கவில்லை. அடுத்தவர் முட்டியை எடுத்துக் காணிக்கை வைத்தது யார்? பழி வந்தபோது அடுத்த வீட்டுப் பெண்பிள்ளையின் தலையில் இறக்கி வைத்தது யார்? அவரை இழுத்துக்கொண்டு ஏறியபோது படியில் நழுவாத அவள் கால், சந்தையில் நழுவிவிட்டது.

திரிங்காப் தாண்டியது. குமுதா தன் தாய் வீட்டுத் திருப்பத்தில் வண்டியைத் திருப்பவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் அம்மா பிரிஞ்சாங்கில்தான் கடை போட்டிருப்பாள். சந்தை விளக்குகள் தூரத்தில் தெரிய ஆரம்பித்தபோது, பாதையைப் பார்த்துக்கொண்டே, ஈப்போவிலிருந்து முதல் வார்த்தையைப் பேசினாள்.

"சந்தையில சொன்னீங்க அத்தை. சந்தையில நிப்பாட்டவா, நேரா வீட்டுல கொண்டுபோய் விட்டுரவா?"

மிரட்டலாக இல்லை. உண்மையிலேயே கேட்டாள். வீட்டுக்கு என்றால் வீட்டுக்கே கொண்டுபோய் விட்டிருப்பாள். கதவையும் திறந்துவிட்டிருப்பாள்.

பின் மூலையிலிருந்து மைக்கேல்ராஜ் தொண்டையைச் செருமினார்.

"நிப்பாட்டும்மா" என்றாள் ரோஸ்மேரி.

---

அப்போதுதான் கடைகள் நிறைய ஆரம்பித்திருந்தன. சோளம் வாட்டுகிற புகை, ஸ்ட்ராபெரிச் சாக்லேட், ஹோட்டலிலிருந்து இறங்கி வந்த கூட்டம். அன்றைக்கு இந்த வழியாக ரோஸ்மேரி புயலாக வந்தபோது கூட்டம் தானாக விலகியது. இன்றைக்கு ஒருவரும் விலகவில்லை. "தள்ளிக்குங்க, தள்ளிக்குங்க" என்று கெஞ்சிக்கெஞ்சித்தான் போக வேண்டியிருந்தது.

வடிவம்மாள் சாமந்தியைக் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கை நிற்கவில்லை.

பக்கத்துக் கடை சோளக்காரர் குகனேஸ்வரன் சோளத்தைத் திருப்புவதை நிறுத்தினார். அன்றைக்கு நேரில் பார்த்த கதையை இன்றுவரை மாற்றி மாற்றிச் சொல்லிக் கொண்டிருப்பவர் அவர்தான். இன்றைக்கு இரண்டாம் பாகம் வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சம்பந்தி" என்றாள் ரோஸ்மேரி. "உங்க பச்சிலை இல்ல. நான்தான். எங்க நேர்ச்சைக்கு அவரை முட்டி போட்டு ஏற வச்சேன். தோல் உரிஞ்சது அங்கதான். தெரிஞ்சும் உங்க மேல போட்டேன்."

வடிவம்மாள் ஒரு கொத்தை முடிச்சுப் போட்டு ஓரமாக வைத்தாள்.

"சத்தமா சொல்லுங்க சம்பந்தி. அன்னிக்கு வந்த சத்தம் இன்னிக்கு வரல."

நியாயம்தான். ரோஸ்மேரி சுற்றிப் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு, பாட்டுக் குழுவில் மேல்ஸ்தாயிக்குப் போகிற குரலை எடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். கெபி, படி, பிளாஸ்டர், பொய், சந்தை. மாதாவுக்குச் சொல்ல வைத்திருந்த சாட்சி இப்படி ஒரு இடத்தில், இப்படி ஒரு சொல்லில் வெளியே வந்தது. எதிர் வரிசையில் பொரித்துக்கொண்டிருந்த எண்ணெய்கூட அடங்கிக் கேட்டது. தமிழ் தெரியாத சுற்றுலாக்காரர் ஒருவர், பாட்டு என்று நினைத்து போனைத் தூக்கிப் பிடித்தார்.

முடித்தபோது அவள் முகம் கடையில் இருந்த தக்காளியை எல்லாம் தோற்கடித்திருந்தது.

வடிவம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று ரோஸ்மேரி காத்திருந்தாள். திட்டட்டும் என்றுதான் காத்திருந்தாள்.

"அந்த நொச்சியை வேரோட புடுங்கிப் போட்டுட்டேன்" என்றாள் வடிவம்மாள். "ஒரு மனுஷன் கால நம்ம கையால கெடுத்துட்டோமேன்னு. அதுக்கப்புறம் யாரு கேட்டு வந்தாலும் ஒத்தடம்கூட குடுக்கல. நீங்க சொன்னீங்கல்ல சம்பந்தி. பொய் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்."

ரோஸ்மேரி எல்லாவற்றுக்கும் தயாராக வந்திருந்தாள். தன்னை நம்பிவிட்டாள் என்பதற்கு மட்டும் தயாராக வரவில்லை. மூன்று வாரமாக அவள் பயந்தது, வடிவம்மாள் தன்னைப் பொய்க்காரி என்று ஊரெல்லாம் சொல்வாளே என்று. அவளோ வீட்டுக்குள் உட்கார்ந்து தன் கையையே வெறுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் கையால்தான் காலையில் துவையல் அரைத்திருக்கிறாள்.

"கிராணிக்கு எப்படி இருக்கு?" என்று வடிவம்மாள் கேட்டாள். நாளைக்கும் படம் எடுக்க வேண்டும், அதில்தான் தெரியும் என்று ரோஸ்மேரி தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

"நாளைக்குக் குமுதா ஓட்ட மாட்டா. எங்க வீட்டுக்காரர் ஓட்டுவாரு."

"அவ கோவம் நியாயம்தான் சம்பந்தி. நான் கேக்கவே மாட்டேன்."

"கோவமா?" வடிவம்மாள் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள். "அங்கேருந்து போன் பண்ணினா. கிராணி பக்கத்துல ரொம்ப நேரம் உக்கார வேணாம்னு நர்ஸம்மா சொன்னாங்களாம். இன்னிக்கு ஓட்டுறதுக்கே, அவரைத் தள்ளி மூலையில உக்கார வச்சா போதுமான்னு கேட்டுக்கிட்டுத்தான் ஓட்டிட்டு வந்தா."

சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் என்று நர்ஸ் சொன்னது ரோஸ்மேரியின் காதில் மறுபடி ஒலித்தது. குமுதா சின்னப் பிள்ளை இல்லை. அப்படியென்றால் அந்த ரகசியப் பேச்சு. எதிர்மூலை. இறக்கிவிட்ட கண்ணாடி. எங்கள் வீட்டில் ரெண்டும் கிடையாது என்று அவர் சொன்னபோது சத்தமில்லாமல் எழுந்து போனாளே, அது.

"ஜோனத்தனுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. மொதல்ல மாமியார்கிட்டச் சொல்லணும்னு ஆசையா இருந்தா. கடையைக் கட்டிட்டு அன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுக்கு வந்து சொல்லலாம்னு இருந்தா." வடிவம்மாள் அடுத்த கொத்தை எடுத்தாள். "அதுக்குள்ள நீங்களே கடைக்கு வந்துட்டீங்க."

ரோஸ்மேரி திரும்பிப் பார்த்தாள். ஹைலக்ஸின் பின் மூலையில் மைக்கேல்ராஜ் ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டி, என்ன நடக்கிறது என்று தெரியாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை விட்டு நன்றாகத் தள்ளி, ஸ்ட்ராபெரிக் கடை விளக்கின் கீழே, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு குமுதா நின்றிருந்தாள். இந்தப் பக்கம் அவள் பார்க்கவில்லை.

அவளிடம் போகலாமா என்று ரோஸ்மேரிக்குத் தெரியவில்லை. போனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. கழுவிய டிபன் கேரியரை வடிவம்மாளிடம் நீட்டினாள். நாலடுக்கும் காலி.

வடிவம்மாள் பூக்கட்டிக்கொண்டே இருந்தாள். அதை வாங்க அவள் கை நீளவில்லை. நீட்டிய கையை ரோஸ்மேரியும் மடக்கவில்லை.